கண் சாலையில், கை திருகில்

பழைய மெர்சிடிஸ் ஒன்றின் முன்கதவைத் திறந்து உட்புறப் பலகையைப் பாருங்கள். விரல் நீளத்தில் ஒரு குட்டி இருக்கை அங்கே பதிந்திருக்கும். அடிக்கு ஒரு துண்டு, முதுகுக்கு ஒரு துண்டு, தலைக்கு ஒரு துண்டு. அடித்துண்டை முன்னே தள்ளினால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இருக்கை முன்னே நகரும். முதுகுத் துண்டைச் சாய்த்தால் உங்கள் முதுகும் சாயும். 1979-இல் வெளிவந்த டபிள்யூ126 எஸ்-கிளாஸில் அறிமுகமானது இந்த விசை. நல்ல வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாக வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நார்மன் 1988-இல் தம் நூலில் இதைத்தான் காட்டினார். கையேடு வேண்டாம், மொழி வேண்டாம்; இருட்டில் தடவியே இயக்கிவிடலாம்.

அதே நிறுவனத்தின் ஈக்யூஎஸ் மின்காரைப் பகாங் மாநிலத்தின் பெக்கான் தொழிற்சாலையில் பொருத்தினார்கள். அந்தக் காரின் பெருமையாக உலகெங்கும் விளம்பரப்படுத்தப்பட்டது 141 சென்டிமீட்டர் அகலமுள்ள ஹைப்பர்ஸ்கிரீன். ஒரே வளைந்த கண்ணாடிக்கு அடியில் மூன்று திரைகள், டேஷ்போர்டை முழுவதுமாக மூடிக்கொண்டு நிற்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஷோரூம்களில் இன்று விலை உயர்ந்த கார் என்றால் முதலில் ஒளிர்வது திரைதான். 15 அங்குலத் திரை இப்போது சாதாரணம். 2024 டிசம்பரில் வந்த புரோட்டோன் இ.மாஸ் 7 காரிலேயே 15.4 அங்குலத் திரை இருக்கிறது.

இவற்றில் எது சொகுசு? என் பதில் அந்தக் குட்டி இருக்கையின் பக்கம். பழமை மீதுள்ள பாசத்தால் இதைச் சொல்லவில்லை. நம் கண்ணும் விரலும் வேலை செய்யும் விதம் அப்படி.

கண்ணில் தொடங்குவோம். எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் துல்லியமாகப் பார்ப்பது விழித்திரையின் நடுவிலுள்ள ஒரு சிறு குழி மட்டுமே. அதன் பார்வை அகலம் ஏறத்தாழ 2 பாகை. கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் நகம் மறைக்கும் அளவுதான் அது. திரையில் உள்ள சின்னத்தைத் தேட அந்தக் குழியைச் சாலையிலிருந்து விலக்கியே ஆக வேண்டும். தூரத்துக்குப் பழகியிருந்த விழிவில்லை அருகே குவிய வேண்டும், பிறகு மீண்டும் தூரத்துக்குத் திரும்ப வேண்டும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இதில் கூடுதல் சிரமம். சொகுசுக் கார் வாங்கும் வசதி பெரும்பாலோருக்கு வாய்ப்பதும் அந்த வயதில்தான்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, காருக்குள் இருக்கும் கருவியை ஒருமுறை பார்க்க 2 நொடிக்கு மேல் ஆகக் கூடாது. அந்த 2 நொடியே 50 மீட்டர். மோட்டார் சைக்கிள்களுக்குத் தனிப்பாதை அமைத்த சாலை இது. அந்தப் பாதை இல்லாத இடங்களில் மோட்டார் சைக்கிளோட்டிகள் கார்களுக்கு நடுவே வருகிறார்கள். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் என்பதை நினைத்தால் 50 மீட்டர் சின்னத் தூரம் அல்ல.

இனி விரல். ஒலி அளவைக் கூட்டும் பழைய திருகு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே பல்வரிசை வெட்டிய வளையமும் அதன்மேல் வில் அழுத்திப் பிடித்த சிறு உருண்டையும் இருக்கும். திருகும்போது உருண்டை ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழும். அந்த ‘டிக்’ விரல் நுனியின் உணர்வு நரம்புகளுக்குப் போகிறது. எத்தனை படி கூட்டினோம் என்று கண்ணைக் கேட்காமலே மூளைக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த நரம்புகளின் கூர்மை நம்பமுடியாதது. ஸ்டாக்ஹோம் கேடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனையில், வழவழப்பான பரப்பில் வெறும் 13 நானோமீட்டர் உயர மடிப்புகளைக்கூட மனித விரல் பிரித்தறிந்தது. தலைமுடியின் தடிமன் அதைப்போல் பல ஆயிரம் மடங்கு. இவ்வளவு நுட்பமான உறுப்புக்கு நாம் கொடுப்பது மேடு பள்ளமே இல்லாத கண்ணாடி. வீணை பயிலும் பிள்ளை முதலில் மெட்டுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் விரல் வைக்கிறது. பழகியபின் பார்வை தானாக விலகிவிடுகிறது. மெட்டுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோடு வரைந்து கொடுத்தால் அது எப்படிப் பழகும்?

நம் நாட்டுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே ஸ்டேரிங் வலப்பக்கம். நடுத்திரையைத் தொட இடக்கையை நீட்ட வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ள பெரும்பாலோருக்கு, ஆடும் காரில், சிறு சின்னத்தை இடக்கை விரலால் குறிவைப்பது இன்னும் கடினம்.

இதையெல்லாம் அளந்தே பார்த்திருக்கிறார்கள். சுவீடனின் ‘வி பிலேகாரே’ கார் இதழ் 2022-இல் 11 புதிய கார்களையும் 2005-ஆம் ஆண்டு வால்வோ வி70 ஒன்றையும் விமான ஓடுதளத்துக்குக் கொண்டுபோனது. மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டியபடி வெப்பநிலையைக் கூட்டுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது என்று நான்கு வகை வேலைகள். ஓட்டுநர்களுக்குக் கார்களோடு பழக முன்கூட்டியே நேரமும் தந்தார்கள். பொத்தான்கள் நிறைந்த பழைய வால்வோவில் எல்லாம் 10 நொடியில் முடிந்தது. கார் 306 மீட்டர் போயிருந்தது. பிஎம்டபிள்யூ ஐஎக்ஸில் 30.4 நொடி. எம்ஜி மார்வெல் ஆரில் 44.9 நொடி, அதாவது 1,372 மீட்டர். திரை வைத்த எல்லாக் காரும் மோசம் என்றும் சொல்ல முடியாது. வால்வோ சி40 13.7 நொடியில் முடித்தது. நம் ஷா ஆலம் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட மாடல் அது. திரையைச் சிந்தித்து அமைத்தால் இழப்பைக் குறைக்கலாம் என்பதற்கு சி40 சாட்சி. ஆனாலும் பழைய வி70-ஐ அது முந்தவில்லை.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் டெஸ்லா ஓட்டிய ஒருவர் கனமழையில் வைப்பரின் வேகத்தைத் திரையில் மாற்றப்போய்ச் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதினார். கார்ல்ஸ்ரூஹே மேல்நிலை நீதிமன்றம் 2020-இல், காரோடு பொருத்தப்பட்ட திரையும் கைப்பேசியைப் போன்ற மின்னணுக் கருவிதான் என்று கூறி, 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டுநர் தடையையும் உறுதிசெய்தது. நம் ஊரில் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது குற்றம். அதைவிடப் பலமடங்கு பெரிய திரையில் பட்டியலுக்குள் பட்டியலாகத் தேடுவதை நாம் சொகுசு என்கிறோம். மாலை நேரத்து இடிமழையில், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத அந்தச் சில நிமிடங்களில், வைப்பர் எங்கே என்று யாரும் தேடக் கூடாது.

கைக்குத் தெரியாத கருவி கடலிலும் உயிர் பறித்திருக்கிறது, அதுவும் நமக்கு அருகில். 2017 ஆகஸ்ட் 21 விடியலில், சிங்கப்பூருக்குக் கிழக்கே, அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெயின் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தனர். வேகக் கட்டுப்பாடு தொடுதிரையில் இருந்தது. இரண்டு உந்துதண்டுகளின் வேகத்தையும் குறைப்பதாக எண்ணிய மாலுமி ஒன்றை மட்டுமே குறைத்தார்; கப்பல் திரும்பிவிட்டது. பயிற்சிக் குறைவும் காரணம்தான். ஆனாலும் 2019-இல் கடற்படை அவ்வகைக் கப்பல்களில் கையால் தள்ளும் விசைப்பிடிகளையே மீண்டும் பொருத்த முடிவுசெய்தது. விசையைக் கை தடவியே அடையாளம் காண வேண்டும் என்ற இந்தப் பாடத்தை இரண்டாம் உலகப்போரிலேயே உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் கண்டறிந்திருந்தார். பி-17 விமானத்தில் சக்கரத்துக்கும் இறக்கை மடலுக்கும் ஒரே மாதிரி விசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தரையிறங்கியபின் மடலை மடக்க நினைத்த விமானிகள் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். சபானிஸ் ஒரு விசையின் நுனியில் சிறு ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் மாட்டினார், குழப்பம் தீர்ந்தது. இன்றும் பயணிகள் விமானங்களில் அந்த வடிவ வேறுபாடு கட்டாயம்.

இவ்வளவு தெரிந்தும் திரை ஏன் பெருகியது? மலிவு என்பது முக்கியக் காரணம். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு வார்ப்பு, ஒரு கம்பி, ஓர் இணைப்பி, வெயில் தாங்குகிறதா என்று ஒரு சோதனை. பின்பக்கக் கேமராவுக்காகத் திரை எப்படியும் வேண்டும். மற்றதையும் அதிலேயே போட்டுவிட்டால் செலவு மிச்சம். பிழை இருந்தால் விற்றபின்கூட மென்பொருளில் திருத்தலாம். இதை நிறுவனங்கள் செய்வது புரிகிறது. சிக்கனத்தைச் சொகுசு என்று விலைபோட்டு விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உண்மையிலேயே பணத்தைப் பொருட்படுத்தாத வாடிக்கையாளர்களுக்கு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 2024-இல் அறிமுகமான புகாட்டி டூர்பியோனில் வேகமானி முள் வைத்தது. சுவிஸ் கடிகாரக் கைவினைஞர்கள் 600-க்கும் மேற்பட்ட பாகங்களால் அந்தத் தொகுப்பை உருவாக்கினார்கள். திரையும் இருக்கிறது, ஆனால் தேவைப்படும்போது மட்டும் மேலெழும். பென்ட்லி கான்டினென்டல் ஜிடியில் ஒரு பொத்தானை அழுத்தினால் திரை சுழன்று மறைந்து மரப்பலகை வரும். இன்னொரு முறை சுழன்றால் மூன்று முள்மானிகள். பெருவாரியான கார்களைச் செய்யும் ஃபோக்ஸ்வாகனின் வடிவமைப்புத் தலைவர் ஆன்ட்ரியாஸ் மிண்டும், ஒலி, வெப்பநிலை, காற்று, அபாய விளக்கு ஆகியவற்றுக்கு இனி எல்லாக் கார்களிலும் பொத்தான் இருக்கும் என்று 2025-இல் அறிவித்தார். கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் சிக்னல், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்தும் கைக்குத் தட்டுப்படும் விசைகளாக இல்லாவிட்டால் ஐந்து நட்சத்திரம் எட்டுவது கடினம் என்று விதி வகுத்திருக்கிறது. காஜாங்கில் இருக்கும் மிரோஸ் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகத்தோடு இணைந்து இயங்கும் ஆசியான் என்கேப், மோட்டார் சைக்கிளோட்டிகளின் பாதுகாப்பைத் தன் மதிப்பீட்டிலேயே சேர்த்த அமைப்பு. இந்த விசைகளையும் அது கண்டிப்புடன் கேட்க வேண்டும்.

வரைபடத்துக்கும் பின்கேமராவுக்கும் திரையை மிஞ்ச ஒன்றுமில்லை. குரல் கட்டளையும் உதவும். ஆனால் ‘ஜாலான் துன் சம்பந்தன்’ என்று மலாயும் தமிழும் கலந்த பிரிக்பீல்ட்ஸ் முகவரியை ஆங்கிலத்துக்குப் பழகிய கருவிக்கு இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டிவரும். வழி கேட்க அந்த நேரம் இருக்கிறது, வைப்பருக்கு இல்லை.

கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் ஒன்று செய்யலாம். நிறுத்தியிருக்கும் காரில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஐந்து நிமிடம் எல்லாவற்றையும் தொட்டுப் பழகுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒலியைக் குறையுங்கள், ஏர்கோண்டை இரண்டு டிகிரி கூட்டுங்கள், முன்கண்ணாடியின் பனிமூட்டத்தை நீக்கும் விசையைப் போடுங்கள், அபாய விளக்கை எரியவிடுங்கள், வைப்பரின் வேகத்தை மாற்றுங்கள். அடுத்து விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு திரையைத் தொட்டுப் பாருங்கள். கண்ணைத் திறக்காமல் வைப்பரை மாற்ற முடியவில்லையென்றால், மழை பெய்யும் ஒரு மாலையில் அந்தக் காரைக் கிள்ளான்வரை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். முன்பணத்தை அதற்குப் பிறகு கட்டினால் போதும்.