ஒளியிழையும் இல்லற வரவுசெலவும்

இல்லத்திற்கு ஒரு புதுப்பொருள் வரும்பொழுது அதன் விலையை விசாரியாதார் இலர். ஆயின், வந்தபின் அது மாதந்தோறும் எவ்வளவு கேட்கும், எத்தனை காலம் கேட்கும் என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. பசுவை வாங்குபவன் பசுவின் விலையை மட்டும் எண்ணினாற் போதாது. வைக்கோலையும் புண்ணாக்கையும் எண்ணவேண்டும். இன்று எல்லோரும் 'பைபர்' என்றழைக்கின்ற ஒளியிழை இணைய இணைப்பும் அத்தகையதே.

மட்டக்களப்பு நகரிலும் வாவியின் எழுவான்கரை ஊர்களிலும் "பைபர் எடுப்போமா?" என்னும் வினா இப்பொழுது பல வீடுகளில் எழுகின்றது. கேட்பவர் பெரும்பாலும் பிள்ளைகள். விடை கூறத் தயங்குபவர் பெற்றோர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, கல்வி கைத்தொலைபேசிக்குள் புகுந்துகொண்டது. தாயின் ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்த வீடுகளை ஆசிரியத் தொழில் செய்யும் நாம் அறிவோம். பாடம் நடந்துகொண்டிருக்கையில் 'டேட்டா' தீர்ந்து, ஒரு மாணவி நடுவில் மறைந்துபோவதையும் கண்டோம். ஆகவே பிள்ளைகளின் அவாவும் நியாயமானது. பெற்றோரின் தயக்கமும் நியாயமானது. இரண்டையும் ஒரு தராசில் வைத்து நிறுக்க வேண்டுவதே இல்லறத்தாரின் கடமை.

நிறுக்கும் வழியைத் திருவள்ளுவரே வகுத்துத் தந்துள்ளார். தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தை அடுத்து அவர் வைத்தவை வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள். அவை அரசர்க்குக் கூறப்பட்டவை. எனினும் ஒரு வீட்டை ஆள்வோர்க்கும் அவை பொருந்துமன்றோ? அம்மூன்றினையும் கொண்டு இவ்விடயத்தை ஆராய்வோம்.

கண்ணாடியுள் ஓடும் ஒளி

முதலில், இப்பொருள் யாதென அறிதல் நன்று. ஒளியிழை என்பது தூய கண்ணாடியால் ஆன நூல். அதன் பருமன் ஒரு மில்லிமீற்றரில் எட்டிலொரு பங்கே. அந்நூலின் ஒரு முனையிற் செலுத்திய ஒளி, உட்சுவரிற் பட்டுப் பட்டுத் தெறித்து, வெளியே சிந்தாமல் மறுமுனையை அடைகின்றது. கண்ணாடியினுள் அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர். செய்தியைத் தொலைதூரம் கொண்டு செல்ல இத்தகைய கண்ணாடி பயன்படும் என்பதை 1966ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிய சாள்ஸ் கவோ என்பார், 2009ஆம் ஆண்டிற் பௌதிகத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார்.

செப்புக் கம்பியிற் செல்லும் மின்குறி தூரம் செல்லச் செல்லத் தளரும். கோபுரத்திலிருந்து வரும் வானலையோ, மாலையில் ஊரார் யாவரும் ஒருங்கே தொலைபேசியைத் திறக்கும்பொழுது பங்குபட்டு மெலியும். ஒளியிழையும் ஓரிடத்திற் பல வீடுகளுக்குப் பிரிக்கப்படுவதே எனினும், அதன் கொள்ளளவு பெரிதாகையால் மெலிவு எளிதிற் புலப்படாது. இஃது அதன் மெய்யான சிறப்பு. மற்றைப் புகழுரைகளை விளம்பரத்தார்க்கே விட்டுவிடலாம்.

இடன் அறிதல்

மாவட்டத்திற்கு ஒளியிழை வந்துவிட்டது என்பது வேறு. நமது ஒழுங்கைக்கு வந்துவிட்டது என்பது வேறு. மண்முனையில் 2014ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்பட்டமை படுவான்கரையார்க்குப் பேருதவியே. ஆயினும் மண்டூரில் இருப்பவர்க்கு மண்முனைப் பாலம் வாசற்பாலம் ஆகிவிடுமா? ஆதலால் விண்ணப்பத்திற் கையெழுத்திடுமுன், வீட்டிற்கு அண்மையிலுள்ள கம்பத்தில் ஒளியிழைப் பெட்டி உண்டா, அதில் வெற்றிடம் உண்டா, அங்கிருந்து வீட்டிற்கு எத்தனை மீற்றர், இடையிற் புதுக்கம்பம் நட வேண்டுமாயின் அச்செலவு யாருடையது என்பனவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

நமது வளவுகளில் தென்னையும் மாவும் மிகுதி. ஓலை விழுந்து அறுந்த செப்புக் கம்பியை முறுக்கிச் சேர்க்கலாம். கண்ணாடி இழையை அவ்வாறு சேர்த்தல் இயலாது. அதனை உருக்கி ஒட்டுவதற்குக் கருவியும் பயின்ற கையும் வேண்டும். எனவே கம்பி வரும் வழியை மரநிழல் தவிர்த்து அமைப்பித்தல் நலம். வீட்டினுள்ளும் கம்பியைக் கூர்மையாக மடக்கி ஆணி அறைதல் கூடாது. மடிந்த இடத்தில் ஒளி கசிந்துவிடும்.

வாடகை வீட்டில் வாழ்வோர் இரு முறை சிந்திக்க வேண்டும். தொடக்கத்தில் இறுத்த பணம் வீடு மாறும்பொழுது கூடவே வருவதில்லை. இடமாற்றத்திற்குக் கட்டணம் உண்டா, புதிய இடத்தில் இணைப்பு இல்லையெனில் ஒப்பந்தத்தின் கதி யாது என்பதை எழுத்திற் பெறுதல் வேண்டும். ஒளியிழை எட்டாத ஊரவர்க்கு நாலாந்தலைமுறை ரவுட்டர் ஒரு வழி. 2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இலங்கையிற் சேவை தொடங்கிய ஸ்டார்லிங் செய்மதி இணைப்பு மற்றொரு வழி. ஆயின் அதன் தட்டுக்கும் மாதக் கட்டணத்துக்கும் ஆகும் செலவு எளிய குடும்பங்களுக்கு எட்டக்கூடியதன்று.

வலி அறிதல்

இங்கே வலி என்பது பணவலி. நிறுவனந்தோறும் திட்டந்தோறும் கட்டணம் வேறுபடுமாதலால், விளக்கத்தின் பொருட்டு ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். தொடக்கச் செலவு 15,000 ரூபா, மாதக் கட்டணம் 3,000 ரூபா எனக் கொள்வோம். 2024ஆம் ஆண்டு சனவரி முதல் நூற்றுக்குப் பதினெட்டாக உயர்ந்த பெறுமதி சேர் வரியைக் கூட்டினால் மாதக் கட்டணம் 3,540 ரூபா ஆகும். ஓராண்டுக்கு 42,480 ரூபா. ஈராண்டுக்கு, தொடக்கச் செலவுடன் சேர்த்து, 99,960 ரூபா. அதாவது, மூவாயிரம் என்று காதில் விழுந்த தொகை, மெய்யில் மாதம் 4,165 ரூபா. "மாதம் எவ்வளவு?" என்று கேட்பவர்க்குச் சிறியதாகத் தோன்றுவது, "ஈராண்டுக்கு எவ்வளவு?" என்று கேட்பவர்க்கு ஓர் இலட்சமாக எழுந்து நிற்கின்றது.

அடுத்து, நமக்கு எவ்வளவு வேண்டும் என்பது. சாதாரணத் தெளிவில் ஒரு மணிநேரப் பாடத்தைக் காணொளியாகப் பார்க்க ஏறத்தாழ ஒரு கிகாபைட் செலவாகும். இரு பிள்ளைகள் நாளுக்கு இரண்டு மணிநேரம் வீதம் இருபத்தைந்து நாள் கற்பின் 100 கிகாபைட். அத்தகைய வீட்டிற்கு ஒளியிழை தகும். வெளிநாட்டிலுள்ள தந்தையுடன் கிழமைக்கு இருமுறை பேசுவதற்கும் செய்தி பார்ப்பதற்கும் மட்டும் இணையம் வேண்டுவோர்க்குக் கைத்தொலைபேசி 'ரீலோட்'டே போதும். திரைப்படத்தை உயர்ந்த தெளிவிற் பார்ப்பின் மணிக்கு மூன்று கிகாபைட் வரை போகும் என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். பாடத்திற்கென்று வாங்கியது படத்திற்குச் செலவாகி, மாதக் கடைசியிற் பாடத்திற்கு இல்லாது போகும் வீடுகள் பல. அளவு தீர்ந்தபின் வேகம் குறையுமா, இணைப்பு நிற்குமா, மேலதிகக் கட்டணம் ஏறுமா என்பதும் கேட்கற்பாலது.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. பத்து வாற்று இழுக்கும் ரவுட்டர் இரவும் பகலும் இயங்கினால் மாதம் ஏழு அலகுக்குச் சற்று மேலாகும். சிறு தொகைதான், எனினும் நமது மின்கட்டணம் அலகு ஏற ஏறப் படிப்படியாக உயர்வது. விளிம்பில் நிற்கும் வீட்டை இந்த ஏழு அலகு மேற்படிக்குத் தள்ளிவிடவும் கூடும். பழைய செப்புக் கம்பித் தொலைபேசி, மின்சாரம் நின்றாலும் ஒலிக்கும். அதற்கு வேண்டிய மின் நிலையத்திலிருந்தே வந்தது. ஒளியிழையோ வீட்டு மின்சாரம் நின்ற கணமே ஊமையாகிவிடும். 2022ஆம் ஆண்டில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை யார் மறப்பர்? ரவுட்டருக்கென ஒரு சிறு மின்கல அமைப்பையும் செலவுக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

காலம் அறிதல்

இம்மூன்றனுள் நமது நாட்டார்க்கு மிக முக்கியமானது இதுவே எனக் கருதுகின்றோம். கொழும்பில் மாதச் சம்பளம் பெறுவோர்க்கு மாதக் கட்டணம் பொருந்தும். வரவும் மாதத்தால் வருகின்றது, செலவும் மாதத்தாற் செல்கின்றது. வேளாண்மை செய்வோர்க்கு வரவு போகத்தால் வருவது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களின் கீழ் நிலமுடையோர்க்கு ஆண்டில் இரு முறை. மானாவாரி நிலத்தார்க்குப் பெரும்போகம் ஒன்றே. வாவியில் வலைவீசுவோர்க்கோ மீன்படும் நாளும் உண்டு. படாத நாளும் உண்டு. கட்டணச் சீட்டு மட்டும் நாள் தவறாது வரும்.

மாசி, பங்குனியில் நெல் விற்ற கையில் பணம் புழங்கும். இணைப்பு எடுப்பதற்கு அப்பொழுதுதான் துணிவு பிறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் உழவு, விதைப்பு, உரம் என்று கையிலிருந்தது வயலுக்குப் போய்விடும். ஓரிரு கட்டணச் சீட்டுத் தவறும்; இணைப்புத் துண்டிக்கப்படும். 2024, 2025ஆம் ஆண்டுகளில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை நடைபெற்றதும் அக்காலத்திலேயே! மாரி மழையும் புயலும் வருவதும் அப்பொழுதே. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியிற் கம்பங்கள் சாய்ந்த காட்சியை முதியோர் இன்றும் கூறுவர். 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிற் பெய்த அடைமழையால் உயர்தரப் பரீட்சையே சில நாள் இடைநிறுத்தப்பட்டது. ஆகக் கையில் பணம் இல்லாத காலம், கம்பி அறுந்து விழும் காலம், பிள்ளைக்கு இணைப்பு மிக வேண்டிய காலம் ஆகிய மூன்றும் இங்கே ஒன்றாகவே வந்தன. ஒன்பது மாதம் ஒழுங்காகப் பணம் கட்டி, வேண்டிய வேளையில் இணைப்பின்றி நிற்பதைவிடப் பெரிய நட்டம் யாது?

ஆகவே ஒப்பந்தத்திற் பார்க்க வேண்டுவன மூன்று: ஆகக் குறைந்த காலம் எவ்வளவு? இடையில் விலகினால் எவ்வளவு இறுக்க வேண்டும்? துண்டித்தபின் மீள இணைக்க எவ்வளவு? முற்பணமாகச் சில மாதக் கட்டணத்தை ஒருங்கே செலுத்த இயலுமா என்பதையும் கேட்கலாம். வாயால் தரும் உறுதி வாயோடு போகும். தாளிற் பெற்றதே நிலைக்கும். முறைப்பாடு எழின், 1996ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எடுத்துச் செல்லவும் வழியுண்டு.

முடிவாக

கற்கும் பிள்ளைகள் இருவர் மூவர் உள்ள வீடு, வீட்டிலிருந்தே கணினித் தொழில் செய்வோர் வீடு, சொந்த நிலத்திற் குடியிருக்கும் வீடு ஆகியவற்றுக்கு ஒளியிழை செலவன்று, முதலீடு. அயல்வீட்டில் உண்டு என்பதற்காக மட்டும் எடுப்பவர்க்கு அது மாதச் சுமை. இன்று வேண்டாம் என்று கூறுவதும் அறியாமையன்று. அடுத்த போகத்தில் எடுக்கலாம் என்பதும் ஒரு தீர்மானமே.

எடுப்பதென முடிவு செய்தோர்க்கு ஒரு வார்த்தை. அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்ததும் நம் முன்னோர் முதலில் எடுத்து வைத்தது விதைநெல்லை. பசி வந்தபொழுதும் அதில் அவர்கள் கை வைக்கவில்லை. அவ்வாறே, நெல் விற்ற பணத்திலிருந்து மார்கழி வரையுள்ள இணைப்புக் கட்டணத்தை வேறு சேமிப்புக் கணக்கில் இட்டு வைக்கும் குடும்பத்தலைவி, தன் பிள்ளையின் பரீட்சைக் காலத்தை மாரிக்கு முன்பே காத்துக்கொள்கின்றாள்.