டப்பாவா, கூடையா?

டின்னில் அடைத்த காய்கறி வெறும் சக்கை என்ற எண்ணம் பாதிதான் சரி. இழப்பு எங்கே, ஆபத்து எங்கே?

ஜனவரியில் டெல்லித் தெருக்களில் தள்ளுவண்டிகள் பச்சைப் பட்டாணியால் நிரம்பி வழியும். கோடையில் அதே பட்டாணி இமாசலப் பிரதேச மலைகளிலிருந்து லாரியேறி வரும்; விலையும் ஏறியிருக்கும். அப்போதுதான் கடை அலமாரியில் இருக்கும் டின்கள் பக்கம் பார்வை போகிறது. கூடவே ஒரு சந்தேகமும்: இதில் சத்து ஏதாவது மிஞ்சியிருக்குமா?

மிஞ்சியிருக்கிறது. ஆனால் எல்லாச் சத்தும் அல்ல.

டின்னில் அடைக்கும் காய்கறியை முதலில் கொதிநீரில் சிறிது நேரம் வாட்டுகிறார்கள். பிறகு உப்பு நீரோடு சேர்த்து அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, சுமார் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கிருமிகளை அழிக்கிறார்கள். இந்தச் சூட்டில் அதிகம் அடிபடுவது வைட்டமின் சி. தண்ணீரில் கரையும் சத்து என்பதால் மிச்சத்தில் ஒரு பகுதி டின்னில் உள்ள நீருக்குப் போய்விடுகிறது. அமெரிக்க வேளாண் துறையின் பட்டியல்படி, 100 கிராம் பச்சைப் பட்டாணியில் வைட்டமின் சி 40 மில்லிகிராம். டின்னிலிருந்து வடித்தெடுத்த பட்டாணியில் சுமார் 10 மில்லிகிராம்தான்.

நான்கில் மூன்று பங்கு நஷ்டம் என்று பதற வேண்டாம். பட்டாணியை யாரும் குருமாவில் பச்சையாகப் போடுவதில்லை. புதுப் பட்டாணியை வேகவைத்து வடித்தாலே வைட்டமின் சி சுமார் 14 மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. தொழிற்சாலை செய்வதில் பெரும்பகுதியை அடுப்பும் செய்துவிடுகிறது.

இன்னொரு எதிரி, நேரம். பறித்த பிறகும் காய்கறி சுவாசிக்கிறது. சத்து கரையத் தொடங்குகிறது. கீரையில் இது மிக வேகம். தோட்டம், மண்டி, கடை, குளிர்பதனப் பெட்டி என்று ஒரு வாரம் சுற்றிவிட்டுச் சட்டிக்கு வரும் காயைப் புதியது என்று அழைப்பது வெறும் பழக்கம்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் இதையே சொல்கிறது: சேமித்து, சமைத்து முடிக்கும்போது புதியதற்கும் பதப்படுத்தியதற்கும் உள்ள இடைவெளி பல காய்களில் சுருங்கிவிடுகிறது. நார்ச்சத்து, தாது உப்புகள், வைட்டமின் ஏ தரும் கரோட்டின் ஆகியவை டின்னிலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன.

தக்காளியில் கதையே தலைகீழ். அதன் சிவப்புக்குக் காரணமான லைகோபீன், சூடாக்கிய தக்காளியிலிருந்துதான் உடலில் எளிதாகச் சேர்கிறது. சிறிது எண்ணெய் இருந்தால் இன்னும் நல்லது. அந்த வகையில் டின் தக்காளிக் கூழ் குறைந்ததல்ல.

அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும்? உப்புக்கு. 100 கிராம் புதுப் பட்டாணியில் சோடியம் சுமார் 5 மில்லிகிராம். உப்பு நீரில் அடைத்ததில் 250 மில்லிகிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள், நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏற்கெனவே ஊறுகாயும் அப்பளமும் இருக்கும் இலையில் டின் காயும் சேர்ந்தால், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சிக்கல். நீரை வடித்து, காயை நன்றாகக் கழுவினால் உப்பில் கணிசமான பங்கு போய்விடும். குழம்பில் தனியாக உப்புப் போடும்போது கையையும் கட்டுப்படுத்த வேண்டும்.

லேபிளைப் படிப்பதும் அவசியம். டின்னில் இருப்பதெல்லாம் கொடியிலிருந்து பறித்த பச்சைப் பட்டாணி அல்ல. காய்ந்த பட்டாணியை ஊறவைத்து அடைப்பதும் உண்டு. சூட்டில் மங்கும் பச்சை நிறத்தை ஈடுகட்டச் சாயம் சேர்ப்பதையும் சட்டம் அனுமதிக்கிறது. வீங்கிய, கசியும் டின் என்றால் ருசி கூடப் பார்க்கக் கூடாது. உயிருக்கே ஆபத்தான நச்சு உள்ளே இருக்கலாம்.

நடுவழி ஒன்றும் உண்டு. உறைய வைத்த பட்டாணியில் வழக்கமாக உப்புத் தண்ணீர் கிடையாது. வைட்டமின் சியும் டின்னைவிட அதிகம்.

ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு, நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி. பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் காயை வாங்கி, சீக்கிரம் சமைத்து, வெந்த நீரைக் கொட்டாமல் ரசத்தில் சேர்ப்பதற்கு ஈடு இல்லை. அது முடியாத நாளில், காயே இல்லாத தட்டைவிடக் கழுவியெடுத்த டின் பட்டாணி எவ்வளவோ மேல்.