கதிர் நகராது, துப்பாக்கிதான் நகரும்

உலோகத்தின் மீது ஒரு தகடு அதிவேகமாக மோதினால், உள்ளே அணுக்கள் எப்படி இடம் மாறும்? அதை மோதும்போதே படம் பிடிக்கிறார்கள், சிகாகோவுக்கு அருகே உள்ள ஆர்கான் தேசிய ஆய்வகத்தில். நீண்ட குழல் கொண்ட துப்பாக்கி, தகட்டை மாதிரியின் (சோதிக்கும் உலோகத் துண்டு) மீது ஏவுகிறது. மாதிரிக்குள் அதிர்வலை (பொருளை நெரித்தபடி ஓடும் அழுத்த அலை) கிளம்புகிறது. அந்த நேரம் பார்த்து எக்ஸ்ரே பாய்கிறது.

இது யாருக்குத் தேவை? அமெரிக்கா 1992-க்குப் பிறகு அணுகுண்டை வெடித்துச் சோதிக்கவில்லை. அதனால் அதிலுள்ள பொருட்கள் கடும் அழுத்தத்தில் என்ன ஆகும் என்பதை இப்படிப்பட்ட சோதனைகளில்தான் அறிய வேண்டியிருக்கிறது. விண்கல் மோதலை ஆராய்பவர்களுக்கும் இது உதவும்.

படம் கலங்காதா? அலை வினாடிக்கு 5 கி.மீ. ஓடுகிறது என்று வையுங்கள். எக்ஸ்ரே துடிப்பு ஏறக்குறைய 100 பிக்கோ வினாடிதான் (வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோ வினாடி). அதற்குள் அலை அரை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நகரும், அவ்வளவே. ஆனால் மாதிரி சிதறிவிடும். அதே மாதிரியை மறுபடி சுட முடியாது. ஆகவே எல்லாம் முன்கூட்டியே இடத்தில் இருக்க வேண்டும்.

மாதிரி இருக்கும் இடத்துக்கு எக்ஸ்ரே கதிரைத் திருப்பிவிடலாமே? அது 1.1 கி.மீ. சுற்றளவுள்ள வளையத்தில் சுழலும் எலக்ட்ரான்களிலிருந்து வருகிறது. அதே வளையத்தைப் பல ஆய்வுக்கூடங்கள் நம்பியிருக்கின்றன. எக்ஸ்ரேயை ஒளியைப்போல் கண்ணாடி வைத்து இஷ்டத்துக்குத் திருப்பவும் முடியாது. எனவே கனமான துப்பாக்கிதான் கதிரைத் தேடிப் போக வேண்டும்.

கனமான கருவியை மைக்ரான் கணக்கில் நகர்த்துவது எப்படி? அதற்கான வழிகளில் ஒன்று ஆறுகால் மேடை. ஏன் ஆறு? எந்தப் பொருளும் ஆறு விதமாக அசையும்: மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் திரும்பலாம். நான்கு கால் பெஞ்சு மேடுபள்ளத் தரையில் ஆடும். இழுத்துத் திருகி இறுக்கினால் பலகையே வளையும். சரியாக அமைத்த ஆறு கால்களில் ஒவ்வொன்றும் ஓர் அசைவை மட்டும் அடக்கும். ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்காது. கால்களின் நீளத்தை மாற்றினால் மேடை நகரும். பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் தள்ளுவதற்குக்கூடப் பல கால்களைச் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதால் கணக்கைக் கணினி போடுகிறது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி சூடு கூடினால் சுமார் 12 மைக்ரான் நீளும். ஏசியின் மீது பொறியாளர்களுக்கு இருக்கும் பக்திக்கு இதுதான் காரணம். சுட்டதும் துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும் என்பதால் அடுத்த முறைக்கு மீண்டும் அளவு பார்க்க வேண்டும்.

நீங்கள் இதை எங்கே சந்திப்பீர்கள்? விமானிப் பயிற்சி அறை ஆடுவது ஆறு கால்களின் மேல்தான். புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சையிலும் இதே சிக்கல் உண்டு: கதிர் கட்டிக்குத்தான் போக வேண்டும், நோயாளியோ தினமும் அச்சாக அதே மாதிரி படுக்க மாட்டார். அதனால் சில நவீனக் கட்டில்கள் ஆறு விதமாகவும் அசையும். முதலில் ஸ்கேன் எடுத்து, திட்டமிட்டபோது எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கட்டிலே சரிசெய்யும். பழைய கட்டில்கள் சாய்வதில்லை; அங்கே உங்களையே திரும்பப் படுக்கச் சொல்வார்கள்.

கட்டில் லேசாகச் சாய்ந்தால் விழுந்துவிடுவோமோ என்று பயம் வரும். சாய்வு சில டிகிரிதான். உடம்பை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொள்ளாதீர்கள், செய்த திருத்தம் வீணாகும். இருமலோ வலியோ வந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கதிரை நிறுத்திவிட்டு வருவார்கள்.