கூடிச் செயல்படும் காரணங்கள்

நுழையும்முன்

ஒரு விளைவைக் கண்டதும் அதற்குரிய ஒற்றைக் காரணத்தைத் தேடுவது மனித இயல்பு. ஆயின், பெரும்பாலான விளைவுகள் பல காரணங்கள் தக்கவாறு ஒன்றுகூடும்போதே தோன்றுகின்றன. அக்கூட்டினை ஆராயும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மூடிய ஆலை திறந்தது

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பிரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் மகிழுந்து ஆலை ஒன்றை நடத்தி வந்தது. தரக்குறைவு, ஓயாத தொழிற்பூசல், பணிக்கு வாராமை ஆகியவற்றால் பெயர் கெட்ட அவ்வாலை 1982இல் மூடப்பட்டது. குறை தொழிலாளரிடமே உள்ளது என்று பலரும் கருதினர்.

1984இல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து அதே ஆலை மீண்டும் திறக்கப்பட்டது. பணியில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் பழைய தொழிலாளரே, தொழிற்சங்கமும் பழையதே. எனினும், சில ஆண்டுகளுக்குள் அங்கு உருவான மகிழுந்துகளின் தரம் ஜப்பானிய ஆலையின் தரத்தை நெருங்கியது.

மாறியது எது?

பிழையைக் கண்ட தொழிலாளி எவரும் ஒரு கயிற்றை இழுத்து உற்பத்தியை நிறுத்தலாம் என்பது புதிய ஆலையின் நடைமுறை. இக்கயிறே வெற்றியின் மறைபொருள் எனச் சிலர் எண்ணினர். ஆனால், பிற ஆலைகளில் கயிற்றை மட்டும் கட்டியபோது அதே பயன் கிட்டவில்லை.

இதன் காரணத்தை உணர்தல் எளிது. கயிற்றை இழுத்தவுடன் உதவ ஒரு குழு வேண்டும். பிழையை இனங்காணப் பயிற்சி வேண்டும். நிறுத்தினால் வேலை பறிபோகாது என்னும் உறுதி வேண்டும். உதிரிப்பாகங்களை மிகுதியாகக் குவிக்காதிருந்தால்தான் பிழை உடனே வெளிப்படும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை வலுவிழக்கின்றன. இவ்வாறு, காரணிகளைத் தனித்தனியே எடை போடாமல், அவை இணைந்துள்ள அமைப்பை ஒரு முழுமையாகக் கருதி ஆராய்வதே கூட்டமைவு மாதிரி ஆகும்.

ஜான் பால் மெக்டஃபி 1995இல் வெளியிட்ட ஆய்வு, பல நாடுகளிலுள்ள 62 மகிழுந்து ஆலைகளை ஒப்பிட்டது. குழுப்பணி, பயிற்சி, குறைந்த இருப்பு முதலியவற்றை ஒருங்கே கைக்கொண்ட ஆலைகளே உற்பத்தித் திறனிலும் தரத்திலும் சிறந்தன என்பது அதன் முடிவு.

ஆராயும் முறை

சமூகவியலாளர் சார்லஸ் ராகின் 1987இல் இதற்கெனப் பூலியன் இயற்கணிதத்தைப் பயன்படுத்தும் முறையொன்றை வகுத்தார். ஒவ்வொரு நிலைமையும் இருந்தால் 1 என்றும் இல்லையெனில் 0 என்றும் குறிக்கப்படும். மூன்று நிலைமைகளுக்கு எட்டுச் சேர்க்கைகள் அமையும். அவற்றை மெய் அட்டவணையில் நிரல்படுத்தி, எச்சேர்க்கையில் விளைவு தோன்றுகிறது எனக் காண்பர்.

இம்முறை இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. முதலாவது, ஒரே விளைவை வெவ்வேறு சேர்க்கைகளும் தரக்கூடும். இரண்டாவது, வெற்றியின் காரணங்களைத் தலைகீழாக்கினால் தோல்வியின் காரணங்கள் கிடைத்துவிடா. தோல்வியைத் தனியே ஆராய வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. பத்து நிலைமைகளை எடுத்துக்கொண்டால் சேர்க்கைகள் 1024 ஆகும். அத்தனைக்கும் சான்றுகள் கிடைப்பது அரிது. எனவே, எந்நிலைமைகளைத் தேர்வது என்பதில் ஆய்வாளருக்குத் தெளிவு வேண்டும்.

தெரியுமா?

பல வழிகள் ஒரே முடிவை அடைதலை உயிரியலாளர் லுட்விக் வான் பெர்டலன்ஃபி விளக்கினார். கடல் முள்ளெலி என்னும் உயிரியின் முழுக் கருவிலிருந்தும், இரண்டாகப் பிரித்த கருவின் ஒரு பாதியிலிருந்தும் முழுமையான இளவுயிரியே வளர்வதை அவர் சான்றாகக் காட்டினார்.

நிறைவாக

பிரீமாண்டின் தொழிலாளர் மாறவில்லை. அவர்கள் பணிபுரிந்த அமைப்பே மாறியது. ஒருவரைத் திறனற்றவர் என்று தீர்ப்பதற்கு முன், அவரைச் சூழ்ந்துள்ள நிலைமைகளின் கூட்டினை நோக்குவதே அறிவியல் நெறி, அதுவே அறநெறியுமாகும்.