இருதய யந்திரமும் நமது கடமையும்

மறைமலை நகரை அடுத்த சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் பெருஞ்சாலையில் நடுநிசியில் பிரயாணம் செய்வோருக்கு, அங்கு இராப்பொழுதே கிடையாதோ என்று தோன்றும். மோட்டார் தொழிற்சாலைகளிலும், அவற்றுக்கு உறுப்புகள் செய்து கொடுக்கும் சிறு தொழிற்சாலைகளிலும் விளக்கு அணைவதில்லை. ஒரு ஷிப்டு ஆட்கள் வெளியே வர, மறு ஷிப்டு ஆட்கள் உள்ளே செல்கிறார்கள். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயர் பூண்ட அவ்வூரும் அதன் சுற்றுப்புறமும் இன்று தமிழ்நாட்டின் யந்திரசாலை என்றால் மிகையாகாது.

இவ்வளவு யந்திரங்களையும் இயக்கும் மனிதனின் மார்புக்குள்ளும் ஒரு யந்திரம் இருக்கிறது. அது பிறந்த நாள் முதல் ஓய்வறியாதது. இராவேளை வேலையில் இருக்கும்போது அது திடீரென்று தவறிப்போனால், அந்தத் தொழிலாளிக்கு இந்நாட்டில் என்ன கதி? இதுவே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம்.

"எக்மோ" என்ற சொல் தமிழ்நாட்டு ஜனங்களின் செவியில் முதன்முதலாகப் பரவலாக விழுந்தது 2016 டிசம்பர் 4-ந் தேதி. அன்று முதலமைச்சர் ஜெயலலிதாவின் இருதயம் நின்றுபோக, அந்த யந்திரத்தின் உதவியில் அவரை வைத்தார்கள். மறுநாள் இரவு அவர் காலமானார். பின்னர் 2020-ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் பாடகர் எஸ். பி. பாலசுப்ரமணியம் பல வாரங்கள் அதே உதவியில் இருந்து, செப்டம்பர் 25-ந் தேதி மறைந்தார். இவ்விரு சம்பவங்களாலும் ஜனங்களிடையே இருவகைத் தப்பெண்ணம் வேரூன்றிவிட்டது. எக்மோ என்பது செல்வர்க்கும் புகழ்பெற்றோர்க்கும் கிடைக்கும் கடைசி அற்புதம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதை வைத்துவிட்டால் கதை முடிந்ததென்றே பொருள் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் பிசகு.

யந்திரம் செய்வது என்ன?

அசுத்த ரத்தத்தைப் பெரிய சிரையிலிருந்து தடித்த குழாய் வழியாக வெளியே இழுக்கிறார்கள். சுழலும் பம்பு ஒன்று அதை மயிரிழை போன்ற நுண்குழல்கள் நிறைந்த ஒரு பெட்டிக்குள் தள்ளுகிறது. அங்கே கரியமிலவாயு நீங்கிப் பிராணவாயு சேர்கிறது. பின்பு ரத்தம் உடற்சூட்டுக்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் உடலில் செலுத்தப்படுகிறது. சிரையிலே திருப்பிவிட்டால் நுரையீரலுக்கு மட்டும் ஓய்வு கிட்டும். தமனியில் செலுத்தினால் இருதயத்தின் வேலையையும் யந்திரமே ஏற்றுக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியது யாதெனில், இந்த யந்திரம் எந்த வியாதியையும் குணப்படுத்துவதில்லை. காலத்தை மட்டும் வாங்கிக் கொடுக்கிறது. அதற்கும் விலையுண்டு. குழாய்களில் ரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுத்தாக வேண்டும். அதனால் பிற இடங்களில் ரத்தம் பெருகலாம். குழாய் நுழைத்த காலுக்கு ரத்தம் செல்லாமல் கெடலாம். தமனியில் எதிர்த்திசையாகத் தள்ளப்படும் ரத்தம் ஏற்கெனவே நொந்த இருதயத்தின் சுமையை அதிகப்படுத்தவும் கூடும்.

இதன் தாய் யந்திரத்தை உண்டாக்கியவர் அமெரிக்க ரணசிகிச்சை நிபுணர் ஜான் கிப்பன். 1931-ல் நுரையீரல் நாளத்தில் ரத்தக்கட்டி அடைத்து ஒரு நோயாளி இறப்பதை இரவு முழுதும் அருகிருந்து கண்ட அவர், இருபத்திரண்டு வருஷம் உழைத்து, 1953 மே 6-ந் தேதி பிலடெல்பியாவில் ஓர் இளம்பெண்ணின் இருதயத்தைத் திறந்து மூடினார். சில மணி நேரமே பயன்பட்ட அந்த யந்திரத்தை நாட்கணக்கில் ஓட்டலாம் என்று 1971-ல் டாக்டர் ஹில் காட்டினார். 1975-ல் டாக்டர் ராபர்ட் பார்ட்லெட் தாய் விட்டுச்சென்ற ஒரு பச்சிளங்குழவியை இதனால் பிழைக்க வைத்தார். அக்குழந்தைக்கு நர்சுகள் இட்ட பெயர் எஸ்பெரான்சா. ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்று பொருள். அதே 1975-ல் நமது பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் இருதய பைபாஸ் சிகிச்சையைச் செய்தார் என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம்.

சாட்சியம் என்ன சொல்கிறது?

கோர்ட்டில் பழகியவர்கள் ஒரு விஷயம் அறிவார்கள். ஒரு கட்சியின் சாட்சி எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், குறுக்கு விசாரணைக்குப் பிறகே அவன் சொல்லுக்கு மதிப்பு. பிழைத்தவரின் கதை பத்திரிகையில் வரும். பிழைக்காதவரின் கதை வீட்டோடு நின்றுவிடும். ஆகவேதான் வைத்திய சாஸ்திரம், நோயாளிகளைத் திருவுளச்சீட்டுப் போலப் பிரித்து, ஒரு சாராருக்கு யந்திரமும் மற்றவர்க்கு வழக்கமான சிகிச்சையும் கொடுத்து ஒப்பிடுகிறது.

மாரடைப்பால் இருதயம் தளர்ந்து ரத்தவோட்டமே குன்றிய நோயாளிகள் 420 பேரை ஜெர்மனியிலும் ஸ்லோவேனியாவிலும் இவ்வாறு ஆராய்ந்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். முப்பது நாளில் இறந்தோர், எக்மோ பெற்றவர்களில் நூற்றுக்கு 47.8; பெறாதவர்களில் 49.0. வித்தியாசம் இல்லையென்றே சொல்ல வேண்டும். ஆனால் கடும் ரத்தப்பெருக்கு நேர்ந்தோர் நூற்றுக்கு 9.6-லிருந்து 23.4 ஆயினர். எல்லோருக்கும் யந்திரத்தை மாட்டுவோம் என்ற வாதம் இங்கே தோற்றது.

ஆயினும் வழக்கு முழுவதும் தள்ளுபடியாகிவிடவில்லை. வீதியிலோ வீட்டிலோ இருதயம் நின்று, மின்னதிர்ச்சி கொடுத்தும் திரும்பாதவர்கள் முப்பது பேரை மினசோட்டாவில் ஆராய்ந்தபோது, யந்திரம் பெற்ற 14 பேரில் 6 பேரும், பெறாத 15 பேரில் ஒருவரும் பிழைத்து வீடு திரும்பினர். இது 2020-ல். நெதர்லாந்தில் பத்து ஆஸ்பத்திரிகளில் இதையே முயன்று 2023-ல் வெளியிட்டபோது, மூளை கெடாமல் பிழைத்தோர் நூற்றுக்கு 20-க்கு 16 என்ற சொற்ப வித்தியாசமே தெரிந்தது. முதல் இடத்தில் இரவும் பகலும் பயின்ற ஒரே குழு வேலை செய்தது. இரண்டாவதில் வேலை பல ஆஸ்பத்திரிகளில் சிதறிக் கிடந்தது. இந்த வேற்றுமையை நாம் அற்பமாக எண்ணக்கூடாது.

மூன்றாவது சாட்சி 2024-ல் வந்தது. டென்மார்க்கிலும் வேறு இரு நாடுகளிலும் இருதயத்துக்குள்ளேயே நுழைக்கும் சிறு பம்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு வைத்ததில், ஆறு மாதத்தில் இறந்தோர் நூற்றுக்கு 58.5-லிருந்து 45.8 ஆகக் குறைந்தனர். தகுந்த நோயாளி, தகுந்த நேரம், பழகிய கை ஆகிய மூன்றும் சேர்ந்தால் யந்திரம் உயிர் காக்கும். ஒன்று குறைந்தாலும் அது காசையும் ரத்தத்தையும் குடிக்கும் என்பதே நாம் அடையும் தீர்ப்பு.

நம் நாட்டுச் சாட்சி

அந்நிய நாட்டு ஆராய்ச்சிகளையே அடுக்கிக்கொண்டு போவானேன்? தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சி 2017-ல் உலகப் புகழ்பெற்ற வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. சிற்றூர் ஆஸ்பத்திரிகளைப் பெரிய இருதய ஆஸ்பத்திரிகளோடு பிணைத்தார்கள். மார்வலியோடு வருபவனுக்கு அங்கேயே ஈ.சி.ஜி. எடுத்து, அதை நிபுணருக்கு உடனே அனுப்பி, அடைப்பைக் கரைக்கும் மருந்து கொடுப்பதா, ஆம்புலன்ஸில் ஏற்றுவதா என்று தீர்மானித்தார்கள். சுமார் 2,400 நோயாளிகளைக் கவனித்ததில், ஒரு வருஷத்தில் இறந்தோர் நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். அதாவது நூறு குடும்பங்களில் மூன்றுக்கு மேற்பட்டவை தலைவனை இழக்காமல் தப்பின. இதற்கு எக்மோ தேவைப்படவில்லை. ஈ.சி.ஜி. கருவியும், டெலிபோனும், வண்டியும், பொறுப்புணர்ச்சியுமே தேவைப்பட்டன.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுக்கும் "இதயம் காப்போம்" திட்டத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2023-ல் தொடங்கியதும் இவ்வழியிலேயே. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

நிற்க. மறைமலை நகர்த் தொழிலாளிக்கு வருவோம். 500-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலையில் வைத்திய உதவி அறை இருக்க வேண்டுமென்று 1948-ஆம் வருஷத்துப் பாக்டரிச் சட்டமே விதித்தது. சட்டப் புத்தகங்கள் மாறினாலும் அக்கடமை மாறலாகாது. ஆனால் பெரிய ஆலைக்கு உறுப்பு செய்து கொடுக்கும் ஐம்பது பேர் பட்டறைக்கு அவ்விதி எட்டுவதில்லை. அங்கே இரவு இரண்டு மணிக்கு மார்பைப் பிடித்துக்கொள்பவனை, "வாயு" என்று சொல்லிச் சோடா கொடுத்து உட்கார வைக்கும் வழக்கம் இன்னும் நம்மிடையே உண்டு. அந்த அரைமணி நேரத்தில் செத்துப்போன இருதயத் தசையை, பின்னால் எந்த எக்மோவும் உயிர்ப்பிக்காது.

பாலமும் மறுகரையும்

அப்படியானால் யந்திரமே வேண்டாமா? வேண்டும். வைத்தியர்கள் அதைப் பாலம் என்று அழைக்கிறார்கள். கிருமியால் வீங்கிய இருதயத் தசை சில நாளில் தானே தேறக்கூடும். ரணசிகிச்சைக்குப் பின் சோர்ந்த இருதயம் மீண்டும் துடிக்கக்கூடும். இனித் தேறாத இருதயமானால், மாற்று இருதயம் வரும்வரை தாங்க வேண்டியிருக்கும். ஆனால் மறுகரை இல்லாத பாலத்தில் ஒருவனை நடத்திச் செல்வது தயவாகாது.

அந்த மறுகரையை நமக்குக் காட்டியவர்கள் இதே செங்கற்பட்டுப் பக்கத்து மக்களே. 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனுடைய உறுப்புகளைத் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் தானம் செய்தனர். போலீஸார் சாலையை ஒழித்துக் கொடுக்க, அப்பிள்ளையின் இருதயம் சென்னை நகரைக் கடந்து முகப்பேருக்குச் சென்று ஒரு சிறுமியின் மார்பில் துடித்தது. அதன்பின் உறுப்புதானத்தில் தமிழ்நாடு தேசத்துக்கே வழிகாட்டியாயிற்று. பெற்றோரின் அந்த ஒரு சம்மதம் இல்லாவிடில் எத்தனை யந்திரங்கள் இருந்தும் பயன் என்ன?

இனிச் சுதேசிப் பிரச்னை. பம்பும் மோட்டாரும் லட்சக்கணக்கில் செய்யும் இந்தப் பிரதேசத்தில், ரத்தத்தைச் சுழற்றும் பம்புக்கும் நுண்குழல் பெட்டிக்கும் நாம் பெரும்பாலும் வெளிநாட்டையே நம்பியிருக்கிறோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பகுதிகளே ஏழைக்கு எட்டாத விலை. அந்நிய நிர்வாகத்தை முழுக்க நம்பினால் என்ன ஆகும் என்பதை மறைமலை நகர் நன்கறியும். போர்டு கம்பெனி 2022-ல் அங்கு மோட்டார் உற்பத்தியை நிறுத்தியபோது தொழிலாளர் குடும்பங்கள் பட்ட துயரம் மறக்கத்தக்கதன்று.

நம்மால் முடியுமா என்று கேட்பவர்க்குத் திருவனந்தபுரம் பதில் சொல்லும். ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் அவர் சகாக்களும் செயற்கை இருதய வால்வு செய்ய முயன்றபோது முதல் மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. அவர்கள் மனம் தளரவில்லை. 1990 டிசம்பரில் நான்காவது மாதிரி ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் அந்த வால்வு இந்நாட்டில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, இறக்குமதி விலையில் ஒரு பகுதிக்கே கிடைத்தது. இன்று ஒரகடத்தில் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்கும் திட்டம் இருக்கிறது. அங்கே வெறும் பொருத்துவேலை நடந்தால் நமக்குத் திருப்தியில்லை. கண்டுபிடிப்பதும் சோதிப்பதும் தோற்பதும் மீண்டும் முயல்வதும் அங்கே நடக்க வேண்டும்.

ஆகவே நாம் சர்க்காரையும் ஆலை முதலாளிகளையும் கேட்பது இவை: தொழிற்பேட்டை தோறும், சிறு பட்டறைக்காரனும் பயன்படுத்தத்தக்க ஈ.சி.ஜி. வசதியும் ஆம்புலன்ஸும் இரவு பகலாக இருக்க வேண்டும். எக்மோ சில ஆஸ்பத்திரிகளில் மட்டும், பயின்ற குழுவோடு, ஏழைக்கும் கிடைக்கும்படி அமைய வேண்டும். எத்தனை பேருக்கு வைத்தார்கள், எத்தனை பேர் நடந்து வீடு சென்றார்கள் என்ற கணக்கை ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் வருஷந்தோறும் வெளியிட வேண்டும். கணக்குக் காட்டாத வைத்தியம், ரசீது கொடுக்காத வியாபாரம் போன்றது.

தொழிலாளர் சங்கங்களை நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி உயர்வுக்காகவும் வேலை நிலைப்புக்காகவும் நீங்கள் எழுதும் கோரிக்கைப் பத்திரத்தில் இந்த ஈ.சி.ஜி. கருவியையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்வலி என்று ஒருவன் சொன்னதும், மேஸ்திரியின் அனுமதிக்குக் காத்திராமல் 108-ஐக் கூப்பிட எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். இதற்கு எந்த நாட்டிலிருந்தும் யந்திரம் தருவிக்க வேண்டியதில்லை. நாளை காலை ஷிப்டிலேயே தொடங்கலாம்.