திருக்கைக்குத் தெரியும் கோடுகள்

புன்னக்காயல் கரையில் வலையிலிருந்து எடுத்துப் போட்ட திருக்கையைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளை அடிப்பக்கத்தில், வாயைச் சுற்றிக் குண்டூசியால் குத்தியதுபோல் துளைகள் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் கண்ணாடி போலக் கூழ் பிதுங்கும். (வால் முள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) 1678இல் லொரென்சினி என்ற இத்தாலியர் இந்தத் துளைகளை விவரித்தார். அவை மின்புலத்தை உணரும் உறுப்புகள் என்று தெரிய ஏறத்தாழ முந்நூறு ஆண்டு பிடித்தது.

மின்புலம் கண்ணுக்குத் தெரியாது. அதை வரைந்து பார்க்க இயற்பியலாளர் ஃபாரடே கண்ட வழிதான் கோடுகள். அவை நேர்மின்னூட்டத்தில் புறப்பட்டு எதிர்மின்னூட்டத்தில் முடியும்; நெருங்கிய இடத்தில் புலம் வலுக்கும், விலகிய இடத்தில் மெலியும். இன்னொரு இயற்பியலாளரான மாக்ஸ்வெல் 1850களில் இவற்றை ஓடும் நீராக நினைத்துப் பார்த்தார். அவர் புன்னக்காயலுக்கு வந்திருந்தால் தாமிரபரணி முகத்துவாரத்தையே காட்டியிருப்பார்: குறுகிய வாயில் ஓட்டம் இழுக்கும், கடலில் விரிய விரியத் தளரும். ஆனால் கோடுகளை வலை நூலாக நினைத்துவிடக் கூடாது. வலையில் நூலோடு நூல் முடிச்சு விழும். மின்புலக் கோடுகள் வெட்டிக்கொள்வதே இல்லை. வெட்டினால், அந்தப் புள்ளியில் வைத்த மின்துகள் எந்தப் பக்கம் போகும்?

மணலுக்குள் பதுங்கிய மீனையும் இப்படிக் கோடுகள் சூழ்ந்திருக்கும். கடல்நீரில் அதன் வாய், செவுள் பகுதிக்கும் மற்ற உடம்புக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு உண்டு. கோடுகள் ஒரு பக்கம் கிளம்பி, வளைந்து, மறுபக்கம் இறங்கும். சற்றே தள்ளிப் போனாலும் புலம் மளமளவென்று மெலிந்துவிடும். ஆகவே ஒரு சாணுக்குள் நெருங்கினால்தான் இரை பிடிபடும். சுறாவும் திருக்கையும் சென்டிமீட்டருக்கு 5 நானோவோல்ட் வரை உணர்கின்றன. ஒரு டார்ச் கட்டையின் 1.5 வோல்ட்டைக் குமரியிலிருந்து காஷ்மீர் வரை சீராகப் பரப்பினால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்.

இரையின் மின்புலத்தைச் சுறா உணர்கிறது என்பதை 1971இல் நிரூபித்தவர் கால்மைன் என்ற டச்சுக்காரர். ஒரு தட்டை மீனை அகர் கூழால் மூடி மணலுக்குள் புதைத்தார். மின்சாரம் அதில் ஊடுருவும், வாடை வெளியே வராது. சுறா நேராக வந்து கொத்தியது. பிறகு அதன் மேலே, மின்சாரத்தைத் தடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்தார். சுறா கண்டுகொள்ளாமல் கடந்து போனது. கடைசியாக மீனை எடுத்துவிட்டு, அதே அளவு மின்புலம் தரும் இரண்டு மின்முனைகளைப் புதைத்தார். சுறா மணலைத் தோண்டி அவற்றைக் கடிக்கப் போனது.