பழைய டி.வி.யில் படம் சரியில்லையா? பழுது எங்கே என்பதைத் திரையே காட்டிக்கொடுக்கும்

கொல்கத்தா: மழைநீர் வடிந்த பிறகு பல வீடுகளில் முதலில் நடப்பது, நனைந்த மின்சாதனங்களை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்பதுதான். பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் அந்தப் பட்டியலில் உண்டு. அதை இயக்கலாமா, படம் கெட்டிருந்தால் பழுது நீக்க முடியுமா, அல்லது கழித்துவிட வேண்டியதுதானா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடந்த 2025 செப்டம்பர் 22 நள்ளிரவு தொடங்கி மறுநாள் காலை வரை கொல்கத்தாவில் பெருமழை கொட்டியது. 24 மணி நேரத்துக்குள் 251.4 மி.மீ. மழை பதிவானது. தெற்குக் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸை ஒட்டியுள்ள ஜோத்பூர் பார்க்கில் மட்டும் 285 மி.மீ. மழை பெய்ததாக மாநகராட்சி தெரிவித்தது. நகரில் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள். ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றியுள்ள இப்பகுதிகள் தமிழர்களுக்கும் அறிமுகமானவை. அருகிலுள்ள லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தென்னிந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வசித்து வருகின்றன.

நனைந்த பெட்டியை இயக்கலாமா?

கூடாது. வெள்ளநீர் தூய நீர் அன்று. அதில் உப்பும் சேறும் சாக்கடைக் கழிவும் கலந்திருக்கும். பல ஆண்டுகளாகப் பெட்டிக்குள் படிந்த தூசியுடன் அது சேரும்போது, மின்சாரம் பாயக் கூடாத இடங்களிலும் பாய வழி ஏற்படுகிறது. வெயிலில் வைத்தால் வெளிப்புறம் காய்ந்துவிடும். ஆனால் மின்மாற்றிச் சுருள்களுக்குள்ளும் சில்லுகளுக்கு அடியிலும் ஈரம் நாள்கணக்கில் தங்கும். நீர் வற்றினாலும் உப்புப் படிவம் எஞ்சி, செம்புப் பாதைகளை அரிக்கத் தொடங்கும்.

எனவே வீட்டின் மெயின் சுவிட்ச் அணைக்கப்பட்டதை உறுதி செய்த பின்னரே பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவிட்ச் பலகை இருக்கும் இடத்திலேயே நீர் தேங்கியிருந்தால் அதில் இறங்கக் கூடாது. மின் விநியோக நிறுவனத்துக்குத் தகவல் தெரிவிப்பதே பாதுகாப்பு. நனைந்த பெட்டியின் உட்பலகைகளைத் தொழில்நுட்பர் திறந்து சுத்தம் செய்து, உலர்த்திச் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்கலாம்.

நீர் புகாத வீடுகளிலும் மழைக்காலக் காற்றின் ஈரப்பதம் பழைய பெட்டிகளைப் பாதிக்கும். இயக்கியவுடன் உள்ளிருந்து 'சர்' என்ற ஒலி, தீப்பொறி, கருகும் வாடை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

பழுது பெட்டிக்கு வெளியேயும் இருக்கலாம்

நனையாத பெட்டியில் படம் கெட்டால், மெக்கானிக்கை அழைக்கும் முன் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உள்ளது. செட்-டாப் பாக்ஸின் மெனுவைத் திரையில் வரவழைத்துப் பார்க்க வேண்டும். மெனு எழுத்துகள் தெளிவாக இருந்து, சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தால், கோளாறு கேபிளிலோ டிஷ் ஆன்டெனாவிலோ இருக்கிறது. மெனுவும் சேர்ந்து கலங்கினால், பெட்டியை அல்லது இணைப்பு வயரைச் சந்தேகிக்கலாம்.

பழைய பெட்டிகளில் பாக்ஸை இணைப்பவை மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிற முனைகள் கொண்ட வயர்கள். மஞ்சள் படத்துக்கும் மற்ற இரண்டு ஒலிக்கும் உரியவை. ஒலி வந்து படம் வராவிட்டால் மஞ்சள் முனை தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். வேறொரு வயரை மாற்றிப் பார்ப்பதற்கு அதிகச் செலவாகாது.

வீட்டு மாடியிலுள்ள பழைய ஆன்டெனாவை மட்டும் நம்பியிருக்கும் பெட்டியில் வெறும் புள்ளிகள் தெரிந்தால், அது பெட்டியின் குற்றமன்று. கொல்கத்தாவிலும் சென்னையிலும் 1975 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய தொலைக்காட்சி ஒளிபரப்பு, பல்லாண்டுகள் தரைவழி அனலாக் முறையிலேயே வீடுகளை அடைந்தது. தூர்தர்ஷன் அந்த ஒளிபரப்பை 2022 மார்ச் மாதத்துக்குள், சில இடங்கள் நீங்கலாக, நாடு முழுவதும் நிறுத்திவிட்டது.

படக்குழாய் டி.வி.: அறிகுறியும் காரணமும்

* திரையின் நடுவே குறுக்காக ஒரே ஒரு வெளிச்சக் கோடு: படத்தை மேலும் கீழும் விரிக்கும் மின்சுற்று செயலிழந்துள்ளது. ஒரு சில்லு கெட்டிருக்கலாம். அல்லது ஈயப் பற்று விரிசல் கண்டிருக்கலாம். பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதே. ஆனால் அப்படியே ஓடவிட்டால் அந்தக் கோடு திரையில் நிரந்தரத் தழும்பாகிவிடும்.

* மூலைகளில் பச்சை, ஊதா நிறத் திட்டுகள்: அருகிலுள்ள ஸ்பீக்கர் போன்றவற்றின் காந்தப்புலம் திரையின் உட்தகட்டைக் காந்தமாக்கியிருக்கலாம். அவற்றை அகற்றி, பெட்டியை அரை மணி நேரம் முழுமையாக அணைத்து வைத்து, மீண்டும் இயக்கினால் உள்ளிருக்கும் காந்தநீக்கச் சுருள் திட்டுகளைப் படிப்படியாகப் போக்கும். பெட்டி கீழே விழுந்த பின் தோன்றிய திட்டு என்றால், உட்தகடு வளைந்திருக்கலாம், அதற்குத் தீர்வில்லை.

* ஒரு நிறம் மட்டும் இல்லாமை: படக்குழாயின் கழுத்துப் பகுதியில் உள்ள சிறு பலகையில் பற்று விட்டிருந்தால் சரிசெய்யலாம். குழாயே தளர்ந்திருந்தால் செலவிடுவதில் பயனில்லை.

* படம் பக்கவாட்டில் சுருங்குதல், வளைதல்: மின்வழங்கிப் பகுதியில் கெப்பாசிட்டர்கள் வற்றிப்போவது இதற்கான வழக்கமான காரணங்களுள் ஒன்று. சிறு செலவில் முடியும் பழுது இது.

* வெளிச்சம் வர நெடுநேரம் ஆகி, வந்த பின்னும் மங்கலாகவே இருத்தல்: படக்குழாய் முதுமையடைந்ததன் அடையாளம்.

தட்டைத் திரை டி.வி.யில் என்ன பார்க்கலாம்?

ஒலி கேட்டு, திரை மட்டும் இருண்டிருந்தால் அறை விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச் விளக்கைத் திரைக்கு அருகே சாய்வாகப் பிடித்துப் பார்க்கலாம். மங்கலான உருவங்கள் அசைவது தெரிந்தால், படம் உருவாகிறது, பின்னொளி மட்டுமே இல்லை என்று பொருள். பின்னொளி எல்.இ.டி. பட்டைகளையோ அவற்றுக்கு மின்சாரம் தரும் பகுதியையோ மாற்றினால் பெட்டி மீளும்.

செங்குத்துக் கோடுகள் திரையின் விளிம்பில் உள்ள மெல்லிய இணைப்புப் பட்டைகள் விடுபடுவதால் தோன்றுவதுண்டு. துடைப்பதற்காகத் திரையின் மீது நேரடியாகத் தெளிக்கப்படும் திரவம் வழிந்து கீழ்விளிம்புக்குள் இறங்குவதும் இதற்கு ஒரு காரணம். துணியை லேசாக ஈரப்படுத்தித் துடைப்பதே சரியான முறை. மை கொட்டியது போன்ற கறுப்புத் திட்டோ விரிசலோ தெரிந்தால் திரையே உடைந்துள்ளது. புதிய திரையின் விலை பெரும்பாலும் புதிய பெட்டியின் விலையை நெருங்கிவிடுவதால், அங்கு பழுது நீக்குவது இலாபகரமன்று.

பின்மூடியைத் திறக்கக் கூடாது

மேற்கண்ட சோதனைகள் அனைத்தும் பெட்டியைத் திறக்காமலே செய்யக்கூடியவை. அதற்குக் காரணம் உண்டு. வண்ணப் படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் செயல்படுகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்த மின்னேற்றம் குழாயில் தங்கியிருக்கலாம். உள்ளே வெற்றிடமாக உள்ள குழாயின் கழுத்தில் அடிபட்டால் கண்ணாடி சிதறும் ஆபத்தும் உண்டு. தட்டைத் திரைப் பெட்டிகளின் மின்வழங்கியிலும் 300 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றம் சேமிக்கப்படுகிறது.

பழுது நீக்குவதா, கழித்துவிடுவதா?

பழைய பெட்டிகளுக்கான உதிரிபாகங்கள் கொல்கத்தாவின் சாந்தினி சௌக், சென்னையின் ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் தேடப்படுகின்றன. மெக்கானிக்கிடம் கொடுக்கும் முன் பழுதின் விவரத்தையும் மதிப்பீட்டுத் தொகையையும் எழுத்தில் பெறுவதும், மாற்றப்பட்ட பழைய பாகங்களைத் திரும்பக் கேட்பதும் நுகர்வோருக்குப் பாதுகாப்பு. பழுது நீக்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கியது. புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

தமிழகத்தில் 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் 14 அங்குலப் பெட்டிகளை இன்னும் வைத்திருக்கும் வீடுகளுக்கும் இவை பொருந்தும்.

இனிப் பயனில்லை என்று முடிவான பெட்டியைத் தெருவோரம் வீசக் கூடாது. படக்குழாய்க் கண்ணாடியில் ஈயமும், பழைய தட்டைத் திரைகள் பலவற்றின் பின்னொளிக் குழல்களில் பாதரசமும் உள்ளன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் உள்ளடக்குகின்றன. எனவே அங்கீகரிக்கப்பட்ட மறுசுழற்சியாளரிடம் அவற்றை ஒப்படைக்க வேண்டும்.

நனையாத பெட்டியில் படம் கெட்டால் பொறுமையாகக் காரணம் தேடலாம். நனைந்த பெட்டிக்கு அந்தச் சலுகை இல்லை; மின்சாரத்தைத் துண்டித்த பிறகே அதன் அருகில் செல்ல வேண்டும்.